பேராசிரியர் மூன்ஸ்டர்பெர்க்கும் சலனப்படமும்

சினிமா என்னும் சலனப்படம் தோன்றிய நாள் தொட்டு அதனைப் புகழ்வாரும் இகழ்வாரும் உலகில் மிகப் பலர். அதனை ஆராய்வார் மட்டும் நெடுங்காலம் மிகச் சிலராகவே இருந்தனர். பாட்டையும் நாடகத்தையும் ஓவியத்தையும் குறித்துப் பெருநூல்கள் யாத்த மேனாட்டு அறிஞர், காசு கொடுத்து இருட்டில் அமர்ந்து காணும் இவ்வேடிக்கையைத் தம் கருத்துக்குரிய பொருளாகக் கொண்டாரில்லை. அந்நிலையில், உலகப் புகழ் வாய்ந்த சர்வகலாசாலையொன்றின் பேராசிரியர் ஒருவர், ஐம்பது வயதைக் கடந்த பின்னர்க் கொட்டகையுட் புகுந்து, வெண்டிரையில் நிகழ்வது யாது, அதனைக் காண்பான் உள்ளத்தில் நிகழ்வது யாது என்று வினவி, அவ்வினாவிற்கு விடையாக ஒரு நூலும் எழுதினார். நூல் வெளிவந்த ஆண்டிலேயே இறந்தும் போனார். அவரே ஹார்வர்ட் உளநூற் பேராசிரியர் ஹியூகோ மூன்ஸ்டர்பெர்க். அவர் வரலாற்றை எம் கல்லூரி அன்பர்க்கு ஒருவாறு எடுத்துரைக்க முன்வந்தோம்.

இப்பொருளை யாம் எடுத்துக்கொண்ட செய்தி கேட்ட நண்பர் சிலர், சினிமாவிற்கும் ஆராய்ச்சி வேண்டுமோ என நகைத்தனர். அவர்மேற் குறை கூறோம். எம் இல்லத்திலும் சினிமா விலக்கப்பட்ட பொருளாகவே இருந்தது. பாட்டியார் அறியாமல், எம் வீட்டுப் பலகணி வழியே அயல் வீட்டுத் தொலைக்காட்சியில் அரைகுறையாகக் கண்ட படங்களே எம் இளமைக் கல்வியில் ஒரு பகுதி. ஒலி எட்டாது, உருவம் மட்டுமே தெரியும். ஆதலின் அங்கே நிகழ்வது இன்னதென்று யாமே ஊகித்து நிரப்பிக்கொள்ள வேண்டியிருந்தது. மூன்ஸ்டர்பெர்க்கின் நூலைப் படித்தபோது, பலகணியருகே நின்று யாம் செய்த அவ்வேலைதான் படம் பார்ப்பார் அனைவரும் தம்மையறியாமற் செய்யும் வேலை என்று கண்டு வியந்தோம்.

மூன்ஸ்டர்பெர்க் 1863ஆம் ஆண்டு ஜூன் மாதம் 1ஆம் நாள், பால்டிக் கடலையடுத்த டான்ஸிக் என்னும் துறைமுகப் பட்டினத்தில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். அன்று பிரஷ்ய அரசுக்குரியதாயிருந்த அந்நகர், இன்று க்டான்ஸ்க் என்னும் பெயருடன் போலந்து நாட்டைச் சேர்ந்துள்ளது. தந்தையார் மரவாணிகர், தாயார் ஓவியம் வல்லவர். பன்னிரண்டாம் வயதில் தாயையும், பதினேழாம் வயதளவில் தந்தையையும் இழந்த இளைஞர், துயரை மறக்கப் படிப்பையே பற்றுக்கோடாகக் கொண்டார். செய்யுள் இயற்றுவதிலும் செல்லோ என்னும் நரம்புக் கருவி வாசிப்பதிலும் அவருக்குப் பழக்கம் உண்டு. பிற்காலத்தில் அவர் கிறிஸ்து மதத்திற் சேர்ந்தார்.

அக்காலத்தில் உளநூல் ஒரு புதிய சாஸ்திரம். உள்ளத்தைப் பற்றித் தத்துவ நூலோர் சிந்தித்து எழுதி வந்தனரேயன்றி, பௌதிகம் இரசாயனம் போல அதற்கெனச் சோதனைச் சாலை அமைத்தார் இலர். லைப்ஸிக் நகரில் வில்ஹெல்ம் வுண்ட் என்னும் பேரறிஞர் 1879ஆம் ஆண்டில் அத்தகைய சாலையொன்றை நிறுவினார். மருத்துவம் பயிலச் சென்ற மூன்ஸ்டர்பெர்க், வுண்டின் விரிவுரைகளைக் கேட்டு அவர்பால் ஈடுபட்டார். 1885இல் லைப்ஸிக்கில் தத்துவப் பட்டமும், 1887இல் ஹைடல்பெர்க்கில் மருத்துவப் பட்டமும் பெற்றுப் பிரைபர்க் நகரில் ஆசிரியராக அமர்ந்தார். அவ்விடத்துச் சர்வகலாசாலையில் உளநூற் சோதனைக்கு இடமின்மையால், தம் இல்லத்து அறைகளிலேயே கருவிகளை வாங்கி வைத்துச் சோதனைகள் நடத்தினார். மாணவர் பல நாடுகளினின்றும் அவ்வீட்டை நாடி வந்தனர்.

1889ஆம் ஆண்டு பாரிஸ் நகரிற் கூடிய உளநூலார் பேரவையில் அமெரிக்கப் பேராசிரியர் வில்லியம் ஜேம்ஸ் இவ்விளைஞரைக் கண்டார். ஹார்வர்ட் சர்வகலாசாலையில் ஒரு சோதனைச் சாலை இருந்தும், கருவிகளோடு பொருதும் பொறுமை ஜேம்ஸுக்கு இல்லை. அப்பொறுப்பை ஏற்கத் தக்கவர் மூன்ஸ்டர்பெர்க் எனத் துணிந்து 1892இல் அவரை வரவழைத்தார். ஆங்கிலம் பேசப் பழகாதவராய் அமெரிக்கா சென்ற அவர், சில ஆண்டுகளில் அம்மொழியிற் பல நூல்கள் எழுதுமளவிற்குத் தேர்ந்தார். இடையே இரண்டாண்டு பிரைபர்க்கிற்கு மீண்டு வாழ்ந்து, 1897இல் ஹார்வர்டில் நிலையாகக் குடியேறினார். மறு ஆண்டே அமெரிக்க உளநூற் சங்கத்தின் தலைவராகவும் தெரிந்தெடுக்கப்பெற்றார். எனினும் அமெரிக்கக் குடியுரிமையை அவர் இறுதிவரை ஏற்றுக்கொள்ளவில்லை. இதனை நேயர் நினைவில் வைத்துக்கொள்வாராக; பின்னர் வேண்டப்படும்.

அவருடைய மாணவருள் மேரி கால்கின்ஸ் அம்மையார் ஒருவர். ஹார்வர்டில் அக்காலத்துப் பெண்டிர்க்கு இடமில்லை. விருந்தினர் என்ற பெயராலேயே அவர் சோதனைச் சாலையிற் பயின்றார். 1895இல் அவர் பட்டத்திற்குரிய தேர்விற் சிறந்து விளங்கவே, அவருக்குப் பட்டம் அளிக்க வேண்டும் என மூன்ஸ்டர்பெர்க்கும் பிற ஆசிரியரும் பரிந்துரைத்தனர். சர்வகலாசாலை மறுத்துவிட்டது. இத்துணை செய்த அதே மூன்ஸ்டர்பெர்க், நீதிமன்றத்தில் நடுவர் குழுவிலே அமரப் பெண்டிர் தகுதியற்றவர் எனப் பிற்காலத்தில் ஒரு சோதனையைக் காட்டி வாதித்தார். இவ்விரண்டும் ஒருவர் செயலே. அவரிடம் இத்தகைய முரண்பாடுகள் பல உண்டு. அவற்றை மறைத்து எழுத எமக்கு விருப்பமில்லை.

உளநூல் சோதனைச் சாலைக்குள்ளேயே அடைபட்டுக் கிடத்தலாகாது, நீதிமன்றத்திற்கும் தொழிற்சாலைக்கும் பள்ளிக்கும் பயன்பட வேண்டும் என்பது அவர் கொள்கை. கண்ணாற் கண்ட சாட்சி கூறுவது எவ்வளவு நம்பத்தக்கது என்பதைக் குறித்து 1908இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் தம் அனுபவம் ஒன்றையும் கூறுகிறார். குடும்பத்துடன் அவர் கடற்கரையிற் கோடையைக் கழித்த காலத்தில் அவர் இல்லத்திற் கள்வர் புகுந்தனர். வழக்கு நடந்தபோது பேராசிரியரே ஆணையிட்டுச் சாட்சி பகர்ந்தார். கள்வர் நிலவறைப் பலகணி வழியே நுழைந்தனர் என்றார். உண்மையில் அவர்கள் உடைத்தது கதவை. களவாட எடுத்து வைத்த கடிகாரம் காகிதத்திற் சுற்றப்பட்டிருந்தது என்றார். அது மேசை விரிப்பிற் சுற்றப்பட்டிருந்தது. பொய்யுரைக்கும் எண்ணம் அவருக்குச் சிறிதுமில்லை. நினைவில் இல்லாத இடங்களை அவர் உள்ளமே தக்கவற்றைக் கொண்டு நிரப்பிவிட்டது. மனநூல் வல்லார் ஒருவர்க்கே இஃது நேர்ந்ததென்றால் ஏனையோர் நிலை என்னாம்?

மற்றொரு சோதனை எம் பொருளுக்கு இன்னும் அணித்தானது. அமெரிக்க நகரங்களில் டிராம் வண்டிகளால் விபத்துக்கள் மிகுந்தமையின், தக்க ஓட்டுநரைத் தெரிந்தெடுக்கும் வழி யாது என்பது கேள்வியாயிற்று. மூன்ஸ்டர்பெர்க் ஒரு கருவி அமைத்தார். தண்டவாளம் வரைந்த நீண்ட அட்டை ஒன்று, சிறு சாளரத்தின் கீழ் நகர்ந்து செல்லும். அட்டையில் 1 என்பது நடந்து செல்பவன். 2 என்பது குதிரை. 3 என்பது மோட்டார் வண்டி. கறுப்பு எண்கள் தண்டவாளத்திற்கு இணையாகச் செல்வன. சிவப்பு எண்கள் அதன் குறுக்கே வருவன. ஓட்டுநர் கைப்பிடியைச் சுழற்றி அட்டையை நகர்த்திக்கொண்டே, எது தண்டவாளத்தின்மேல் வந்து சேரும் என்று உடனுக்குடன் கூற வேண்டும். எண்ணிப் பார்த்தால், சாளரத்தின் வழி ஓடும் அவ்வட்டையே ஒரு சிறு திரை. அதனைக் காண்பான் கவனம் எங்கே செல்கிறது, எதனைத் தவற விடுகிறது என்பதை அவர் அளந்தார். சலனப்படத்தைக் கையிலெடுக்குமுன்னரே அதனை ஆராயும் முறை அவர் கைக்கு வந்துவிட்டது.

ஆயினும் அவர் கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்தவரல்லர். 1895ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் பாரிஸ் நகரில் லூமியேர் சகோதரர் கட்டணம் பெற்றுப் படம் காட்டினர். 1905 முதல் அமெரிக்க நகரங்களில் ஐந்து சென்ட் நாணயத்திற்குப் படம் காட்டும் கொட்டகைகள் தெருத்தோறும் பெருகின. அங்கே கூடியவர் பெரும்பாலும் தொழிலாளரும் ஆங்கிலம் அறியாப் புதுக் குடியேறியவரும் சிறுவரும் ஆவர். நாடகத்தின்மீது மூன்ஸ்டர்பெர்க் மிக்க காதலுடையவரேனும், ஹார்வர்ட் பேராசிரியர் ஒருவர் இத்தகைய இடத்திற் காணப்படுதல் தம் மதிப்பிற்கு இழுக்கு என்றே எண்ணியிருந்தார். 1914ஆம் ஆண்டளவில், பாஸ்டனுக்கு ஆயிரம் மைல் அப்பால் ஒரு பயணத்தின்போது, நண்பர் ஒருவருடன் துணிந்து ஒரு படத்திற்குச் சென்றார். அறிந்தவர் எவரும் அவ்வூரில் இலர் என்பது அத்துணிவுக்கு உதவியிருக்க வேண்டும்! படம், ஆஸ்திரேலிய நீச்சல் வீராங்கனை ஆனெட் கெல்லர்மன் நடித்த நெப்டியூனின் மகள். அன்று முதல் அவர் உள்ளம் மாறியது.

அதன் பின்னர் அவர் படம் பார்த்த வேகம் வியக்கத்தக்கது. நியூயார்க் புரூக்ளினில் இருந்த வைட்டாகிராப் கம்பெனியின் படப்பிடிப்பு நிலையத்திற்கு 1915இல் நேரிற் சென்று, படம் பிடிக்கும் முறைகளைக் கண்டறிந்தார். அவ்வாண்டு டிசம்பரில், மக்கள் ஏன் சலனப்படத்தை நாடுகின்றனர் என்பதைக் குறித்துக் காஸ்மோபாலிடன் என்னும் பத்திரிகையில் எழுதித் தம் பழைய கூச்சத்தையும் ஒப்புக்கொண்டார். பாராமவுண்ட் கம்பெனியார் வெளியிட்ட படப் பத்திரிகைக்காக, காண்போர் தம் மனத்திறனைத் தாமே சோதித்துக்கொள்ளும் சிறு படங்களையும் அமைத்துக் கொடுத்தார். 1916இல், சலனப்படத்தை உளநூல் முறையில் ஆராயும் அவர் நூல் நியூயார்க்கில் வெளிவந்தது. கவிஞர் வேச்சல் லிண்ட்ஸே என்பார் முந்திய ஆண்டிலேயே சலனப்படக் கலை பற்றி ஒரு நூல் எழுதியுள்ளார். ஆதலின் படத்தைப் பற்றிய முதல் நூல் இஃதெனக் கூறல் பொருந்தாது. ஆனால் திரையை விட்டுத் திரும்பி, அதனைக் காண்பான் உள்ளத்தை நோக்கிய முதற் பெருநூல் இதுவே.

இனி அந்நூலின் கருத்தைச் சிறிது விரித்துரைப்போம்.

திரையில் உள்ளது யாது? தட்டையான துணி, அதன்மேல் ஒளியும் நிழலும். எனினும் தொலைவில் வரும் புகைவண்டி நம்மை நோக்கி வருவதாகவே காண்கிறோம். ஆழத்தைக் காண்கிறோம், அதே வேளையில் அஃது ஆழமன்று என்பதையும் அறிந்திருக்கிறோம். இவ்விரண்டும் ஒருங்கே நிகழ்வதே சலனப்படத்தின் முதற் புதுமை என்கிறார் அவர்.

இரண்டாவது, அசைவு. சுருளில் அசைவு என்பதே இல்லை. ஒவ்வொன்றும் அசையாத நிழற்படம், பேசாப் படக் காலத்தில் வினாடிக்கு ஏறக்குறையப் 16 படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் வீழ்ந்தன, இடையிடையே இருள். அசைவு எங்கிருந்து வந்தது? ஒரு படத்தின் தோற்றம் கண்ணிற் சிறிது நேரம் தங்குகிறது, அதற்குள் அடுத்தது வந்து சேர்கிறது என்பதே பலரும் கூறி வந்த விடை. இன்றும் பள்ளிப் பாடநூல் சிலவற்றில் இதனையே காண்கிறோம். இது போதாது என்பதை மூன்ஸ்டர்பெர்க் தெளிவாக உணர்ந்தார். தோற்றம் தங்குவது மட்டுமே காரணமாயின், நடப்பவன் கால்கள் ஒன்றன்மேலொன்று குவிந்து குழம்பித் தோன்றுமேயன்றி நடை தோன்றாது. பிராங்பர்ட் நகரில் மாக்ஸ் வெர்தைமர் என்னும் அறிஞர் 1912இல் வெளியிட்ட சோதனைகளை அவர் துணையாகக் கொண்டார். ஒரு கோட்டைக் காட்டி மறைத்து, வினாடியின் சிறு பின்னத்திற்குள் சற்றுத் தள்ளி மற்றொரு கோட்டைக் காட்டினால், கோடு ஓரிடத்தினின்றும் மற்றோரிடத்திற்கு நகர்வதாகவே காண்கிறோம். நகர்ந்தது எதுவுமில்லை. அசைவு வெளியே இல்லை, உள்ளம் தருவது.

நோட்டுப் புத்தகத்தின் மூலையில் ஏடுதோறும் ஒரு குருவியைச் சிறிது சிறிதாகச் சிறகு மாற்றி வரைந்து, கட்டைவிரலால் விரைந்து புரட்டும் விளையாட்டை நம்மில் அறியாதார் யார்? குருவி பறக்கும். பறக்க வைத்தது விரல் என்றே அந்நாளில் நினைத்திருந்தோம்.

இதனினும் ஆழ்ந்தது அவர் அடுத்துக் கூறுவது. நாடக மேடையில் ஒருவன் கையிற் கடிதத்தை எடுக்கிறான். கதைக்கு இன்றியமையாதது அக்கடிதம் ஒன்றே. நம் கவனம் அதன்மேற் செல்கிறது. ஆயினும் மேடையும் பிற நடிகரும் திரைச்சீலையும் இருந்தவாறே இருக்கின்றன. சலனப்படத்திலோ கடிதம் ஒன்றே திரை முழுதும் நிறைந்து நிற்கிறது. ஏனையவெல்லாம் மறைந்து விடுகின்றன. படத்தொழிலார் குளோஸ் அப் என வழங்கும் இவ்வண்மைக் காட்சி, நம் உள்ளத்துள் நிகழும் கவனம் என்னும் செயலே வெளியில் உருக்கொண்டு வந்ததாகும் என்பது அவர் கண்ட உண்மை. இவ்வாறே, தாய் ஒருத்தி தன் மகனை எண்ணுங்கால் அவன் குழந்தைப் பருவம் திரையிற் தோன்றுமாயின், அது நினைவு வெளிவந்த உருவம். வரப்போவதை அஞ்சுவான் முன் அவ்வச்சம் காட்சியாக எழுமாயின், அது கற்பனை வெளிவந்த உருவம். ஒரே வேளையில் மூன்று ஊர்களில் நிகழ்வன மாறி மாறித் தோன்றுமாயின், ஓரிடத்திருந்தே பலவிடம் செல்லும் நம் மனத்தின் இயல்பு அங்கே வடிவு பெறுகிறது.

மேடை நாடகம் இடத்திற்கும் காலத்திற்கும் கட்டுப்பட்டது. சலனப்படம் அக்கட்டுக்களை அறுத்து, உள்ளத்தின் சட்டங்களுக்கு மட்டும் கட்டுப்படுவது. எனவே அது மேடை நாடகத்தின் மலிவான நகல் அன்று, தனியொரு கலை என்று அவர் நிறுவினார். ஐந்து சென்ட் கொட்டகையை அறிஞர் எள்ளிய அந்நாளில் இவ்வாறு எழுதுவதற்கு உறுதி வேண்டும்.

மெய்ப்பாடுகளைப் பற்றியும் அவர் ஓர் இயல் வகுத்துள்ளார். நடிகன் முகத்திலும் கையிலும் தோன்றும் உணர்ச்சியோடு நில்லாமல், சூழ நிற்கும் நிலமும் ஒளியும் பொருள்களும் அவ்வுணர்ச்சியை ஏந்துமாறு படம் செய்யவல்லது என்கிறார். தமிழ் ஆனர்ஸ் வகுப்பிலே முதலும் கருவும் உரிப்பொருளை விளக்கி நிற்கும் முறையைப் பயின்ற எமக்கு இவ்விடம் மிக இனித்தது. தொல்காப்பியப் பொருளதிகாரத்தை அவர் அறிந்திருப்பின் என்ன எழுதியிருப்பாரோ என எண்ணிப் பார்த்தோம்.

நூலிற் குறைகளும் உள. படம் காண்பாரைக் கொட்டகையில் அமர்த்தி அளந்த சோதனை எதுவும் அதில் இல்லை. பிறர் செய்த பார்வைச் சோதனைகளையும் தம் சொந்த அனுபவத்தையும் கொண்டே முடிவு கூறுகிறார். சலனப்படத்திற்கு ஒலியும் வண்ணமும் வேண்டுவதில்லை, அவை அதன் தனித்தன்மையைக் கெடுக்கும் என்று கருதினார். 1927ஆம் ஆண்டு அக்டோபரில் பேசும் படம் வெற்றி பெற்றுச் சில ஆண்டுகளில் ஊமைப் படத்தையே உலகினின்றும் ஓட்டிவிட்டது. நூல் மறக்கப்பட்டதற்கு இஃது ஒரு காரணம். பெரிய காரணம் வேறு.

1914ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஐரோப்பாவிற் பெரும்போர் மூண்டது. அதற்கு முன் பல ஆண்டுகளாக மூன்ஸ்டர்பெர்க், ஜெர்மானியர்க்கு அமெரிக்கரையும் அமெரிக்கர்க்கு ஜெர்மானியரையும் விளக்கும் பணியைத் தம் தலைமேல் ஏற்றிருந்தார். 1904இல் செயிண்ட் லூயிஸ் நகரிற் கூடிய உலக அறிஞர் பேரவையை அமைப்பதில் முன்னின்றார். 1910இல் பெர்லினுக்கு மாற்றுப் பேராசிரியராகச் சென்று அங்கே அமெரிக்க ஆராய்ச்சி நிலையம் ஒன்று தோன்ற உழைத்தார். இரு நாடுகளுக்கும் தாம் ஒரு பாலம் என்றே அவர் எண்ணியிருத்தல் வேண்டும். போர் தொடங்கியதும் அவர் ஜெர்மனியின் பக்கத்தை ஆதரித்துப் பத்திரிகைகளில் எழுதினார். அவ்வாண்டே நூலாகவும் வெளியிட்டார். பெல்ஜியம் போரிற் சிக்கிச் சிதைந்த செய்திகளைப் படித்துக் கொதித்திருந்த பாஸ்டன் மக்களுக்கு அவர் வாதம் வேம்பாயிற்று. 1915ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் லூசிடானியா என்னும் பயணிகள் கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் தாக்கி மூழ்கடித்தபின் வெறுப்பு மேலும் முற்றியது. தம் நாட்டுப் பற்றினால் அவர் காண வேண்டியவற்றைக் காணாது விட்டார் என்றே யாம் கருதுகிறோம். கவனம் ஒன்றின்மேற் படிய, ஏனையவை மறைந்தொழியும் என்று எழுதியவர் அவரே.

ஹார்வர்டின் பழைய மாணவராகிய செல்வர் ஒருவர், மூன்ஸ்டர்பெர்க்கை நீக்காவிடில் சர்வகலாசாலைக்குத் தாம் உயிலில் எழுதி வைத்த ஒரு கோடி டாலரை அழித்துவிடுவதாக அறிவித்தார். அதில் பாதித் தொகையை இப்பொழுதே கொடுத்துவிட்டால் தாம் விலகிக்கொள்வதாகப் பேராசிரியர் விடையிறுத்தார். சர்வகலாசாலையார் இருவர் சொல்லையும் ஏற்கவில்லை. பணத்திற்காக ஆசிரியர் ஒருவரின் எண்ண உரிமையை விற்க அவர்கள் உடன்படாதது அவர்களுக்குப் பெருமையே. ஆனால் பதவியைக் காத்த அவர்களால் நட்பைக் காத்துத் தர இயலவில்லை. நெடுநாள் உடனிருந்த ஆசிரியர் பலர் அவருடன் பேசுவதை நிறுத்தினர். அவர் ஒற்றர் என்றே பலர் நம்பினர். அவர் வீட்டுப் பின்புறத்தில் இரை தின்ன வந்த புறாக்களையும், பகைவர்க்குச் செய்தி கொண்டு செல்லும் தூதுகள் என அயலார் ஐயுற்றனர் என்பர்.

புறாவைக் கண்டது கண். ஒற்றனைக் கண்டது உள்ளம். சாட்சி நூலிலும் படநூலிலும் அவர் விளக்கிய அதே ஆற்றல், அவர் வீட்டு வேலிக்கு அப்பால் நின்று அவரையே ஒரு கதையின் வில்லனாக்கி நிரப்பிக்கொண்டது. இக்காலத்தில்தான் அவர் கொட்டகைகளுக்குச் சென்று வந்தார் என்பதையும் நினைத்தல் வேண்டும். இருளில் அமர்ந்தால் எவரும் அவரை அறியார், எவரும் முகந்திருப்பார். வெளியுலகின் தொல்லைகளினின்றும் முற்றிலும் பிரிந்து தன்னுள் நிறைவுற்று நிற்பதே கலையின் இலக்கணம் என அந்நூலின் பிற்பகுதியில் அவர் வற்புறுத்துகிறார். ஜெர்மானியத் தத்துவ மரபிற்கு அது பழைய கொள்கையே. எனினும் அவ்வேடுகளை எழுதிய ஆண்டை நோக்குங்கால், எமக்கு அவை வேறொரு பொருளும் தந்தன.

1916ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள், சமாதானம் பேச இசைவதாக ஜெர்மனி அறிவித்தது. வசந்தம் வருமுன் போர் ஓயும் என்னும் நம்பிக்கை பேராசிரியர்க்குப் பிறந்ததாம். 16ஆம் நாள் சனிக்கிழமை. கடுங்குளிரில் வீட்டினின்றும் நடந்து, ராட்கிளிப் மகளிர் கல்லூரிக்குப் பாடம் சொல்லச் சென்றார். மேடையேறி விரிவுரை தொடங்கிச் சிறிது நேரத்தில், பேசிக்கொண்டிருக்கும்போதே தளர்ந்து வீழ்ந்தார். மூளையில் இரத்தக் குழாய் வெடித்தமையால் அங்கேயே உயிர் நீத்தார். வயது 53. மனைவியார் செல்மா அம்மையாரும் இரண்டு புதல்வியரும் அவருக்குப் பின் இருந்தனர். மூத்த புதல்வி மார்கரெட் 1922இல் தந்தையாரின் வரலாற்றை நூலாக எழுதினார். சமாதானம் வரவில்லை. 1917ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் அமெரிக்காவும் ஜெர்மனிமேற் போர் தொடுத்தது. அதன்பின் அவர் பெயரைச் சொல்வாரும் அரியராயினர்.

அவருடைய வினா மட்டும் அழியவில்லை. வெர்தைமரிடம் பெர்லினிற் பயின்ற ருடால்ப் ஆர்ன்ஹைம் என்பார், சலனப்படத்தைக் கலையென நிறுவும் நூலை 1932இல் எழுதினார். ஹிட்லர் ஆட்சிக்கு அஞ்சி நாடு நீங்கி, பின்னாளில் ஹார்வர்டிலேயே ஆசிரியராகவும் இருந்தார். அமெரிக்காவில் 1929 முதல் நான்காண்டுகள், பெய்ன் நிதியின் துணைகொண்டு சர்வகலாசாலை அறிஞர் பலர் சலனப்படத்தால் சிறுவர்க்கு விளையும் பயனையும் கேட்டையும் ஆராய்ந்தனர். படம் பார்த்த இரவில் குழந்தைகள் உறக்கத்தில் எத்தனை முறை புரள்கின்றனர் என்பதைக் கட்டிலிற் பொருத்திய கருவியாற் கணக்கிட்டனர். அச்சந்தரும் காட்சியின்போது தோலில் மின்னோட்டம் எவ்வாறு மாறுகிறது என்றும் அளந்தனர். முன்னவர் செய்யாது விட்ட அளவைகள் இவை. 2004இல் இஸ்ரேல் நாட்டு வைஸ்மன் ஆராய்ச்சி நிலையத்து அறிஞர், ஐவரைத் தனித்தனியே காந்தக் கருவியுட் படுக்க வைத்து ஒரு புகழ்பெற்ற கௌபாய் படத்தை 30 நிமிடம் காட்டி, அவர்கள் மூளைகளை ஆராய்ந்தனர். மூளைப் புறணியில் ஏறக்குறைய 30 சதவீதப் பரப்பு, ஐவர்க்கும் ஒத்த நேரத்தில் ஒத்தவாறே இயங்கிற்று. ஒருவரையொருவர் காணாத ஐவரின் கவனத்தைத் திரை ஒருங்கே இழுத்துச் சென்றது.

மூன்ஸ்டர்பெர்க்கின் நூல் 1970இல் நியூயார்க்கில் மறுபதிப்புப் பெற்றது; 54 ஆண்டுகள் கழிந்திருந்தன. பதிப்புரிமைக் காலம் கடந்தமையால் இன்று இணையத்தில் எவரும் விலையின்றிப் படிக்கலாம். யாமும் அவ்வாறே படித்தோம். விடுதியில் விளக்கணைத்தபின், போர்வைக்குள், கைபேசியின் உள்ளங்கையளவு திரையில் ஓரிரவில் ஓரியலாக அதனை முடித்தோம். அடுத்த கட்டிலிலிருந்த நண்பர், யாம் சினிமா பார்ப்பதாகவே கடைசிவரை நம்பியிருந்தார்.